யாருடைய அலமாரியில் தேடினீர்கள்?

‘ஆவணம் இல்லை.’

வரலாற்றுத் துறைகளில் இதைவிட வசதியான வாக்கியம் வேறு கிடையாது. ஒடுக்கப்பட்ட மக்களின் கலைஞர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டால் உடனே இதை எடுத்து நீட்டுவார்கள். இருந்தா எழுத மாட்டோமா என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எங்கே தேடினீர்கள் என்று திருப்பிக் கேட்கும்போதுதான் சங்கதி வெளியே வரும். முதலாளியின் அலமாரியைத் திறந்து பார்த்திருப்பார்கள். அதில் கூலிக்காரனின் பெயர் இருக்காது. அப்படி ஒருவன் இருந்ததற்கே சான்று இல்லை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

இந்தப் பொய் எப்படி உருவாகிறது, எப்படி உடைபடுகிறது என்பதை அமெரிக்காவின் வாட்வில் மேடையை வைத்துப் பார்க்கலாம். வாட்வில் என்பது ஒரே டிக்கெட்டில் பாட்டு, ஆட்டம், நகைச்சுவை, வித்தை, குட்டி நாடகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் பல்சுவை மேடை. 1880களில் தொடங்கி 1930 வாக்கில் சினிமா வந்து அடித்துப்போடும் வரை அமெரிக்க உழைக்கும் மக்களின் முக்கியமான பொழுதுபோக்கு இதுதான். இதன் வரலாறு என்று அச்சான பழைய புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பாஸ்டனில் கீத், நியூயார்க்கில் டோனி பாஸ்டர், 1913ல் திறந்த பேலஸ் அரங்கம். எல்லாம் வெள்ளை முதலாளிகள், வெள்ளை நட்சத்திரங்கள். கறுப்பர்கள் எங்கே என்றால் பெர்ட் வில்லியம்ஸ் என்ற ஒரே ஒரு பெயர் வரும். கறுப்பராகப் பிறந்த அவரும் எரித்த தக்கைக் கரியை முகத்தில் பூசிக்கொண்டுதான் மேடையேற வேண்டியிருந்தது என்று ஒரு வரி இரக்கம் வரும். அத்தோடு சரி. மற்றவர்களுக்கு ‘ஆவணம் இல்லை’.

நிசமாகவே இல்லையா?

ஸ்ட்ரிங் பீன்ஸ் என்ற மேடைப்பெயரில் ஆடிய பட்லர் மே என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அலபாமாவின் மான்ட்கோமரி ஊர்க்காரர். 1910களில் கறுப்பர் அரங்கங்களில் கூட்டம் அவருக்காக நெருக்கியடித்தது. பியானோவில் உட்கார்ந்து பாடுவார், ஆடுவார், சிரிக்கவைப்பார். 1917ல், இருபதுகளிலேயே செத்துப்போனார். ஒரு இசைத்தட்டும் பதிவு செய்யவில்லை. வெள்ளைப் பத்திரிகைகளை நம்பித் தேடினால் இப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை. ஆனால் இன்று அவர் வாழ்க்கையை ஊர் ஊராக, வாரம் வாரமாகச் சொல்ல முடிகிறது. எப்படி? இண்டியானாபொலிஸ் நகரத்திலிருந்து கறுப்பர்கள் நடத்திய ‘ஃப்ரீமன்’ வார இதழால்.

1884ல் தொடங்கிய இந்த இதழில் மேடைக் கலைஞர்களுக்கென்றே பக்கம் இருந்தது. அதில் விமர்சகர்கள் மட்டும் எழுதவில்லை. ஊர் சுற்றிக்கொண்டிருந்த கலைஞர்களே கடிதம் போட்டார்கள். இந்த வாரம் இந்த ஊரில் இருக்கிறோம், குழுவில் இன்னின்னார் இருக்கிறார்கள், இந்தப் பாட்டுக்கு நல்ல கைத்தட்டல், நண்பர்களுக்கு விசாரிப்பு. இப்படி வந்த துண்டுச் செய்திகள்தான் இன்றைக்கு ஆவணம். கலைஞன் தன் கையாலேயே எழுதி அனுப்பியது. இதைவிட முதல்நிலைச் சான்று என்ன வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ப்ளூஸ் இசையின் வரலாற்றை 1912ல் அச்சான இசைத்தாள்களிலிருந்து தொடங்குவது நெடுநாள் வழக்கம். ஆனால் ஒரு பொது மேடையில் ப்ளூஸ் பாடப்பட்டதாக அச்சில் வந்த, இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பழைய செய்தி ஃப்ரீமன் இதழில் இருக்கிறது. தேதி 1910 ஏப்ரல் 16. இடம் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில். பாடியவர் ஜானி வுட்ஸ். பொம்மையை வைத்துக்கொண்டு உதடு அசையாமல் பேசும் வித்தைக்காரர் அவர். குடிபோதையில் இருப்பதாகக் காட்டி அந்தப் பொம்மையைப் ப்ளூஸ் பாட வைத்தார். பொம்மையின் பெயர் லிட்டில் ஹென்றி. பொம்மையின் பெயர்கூடப் பதிவாகியிருக்கிறது. நீங்கள் சொல்கிறீர்கள் ஆவணம் இல்லையென்று!

இந்தப் பக்கங்களை வருடக்கணக்கில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தவர்கள் லின் அபட், டக் செராஃப் என்ற இருவர். 2002, 2007, 2017 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய நூல்களாக அதை வெளியிட்டார்கள். அதற்கும் முன்பே ஹென்றி சாம்ப்சன் 1980லும் 1988லும் கறுப்பர் மேடை பற்றிய தகவல்களைப் பழைய பத்திரிகைகளிலிருந்து தொகுத்துக் கொடுத்திருந்தார். அவர் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். துறையில் சம்பளம் வாங்கியவர்கள் இல்லையென்று சொன்னதை, வேறு வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் தேடி எடுத்தார். யாருக்கு வேண்டுமோ அவர்தான் தேடுவார்.

ஃப்ரீமன் மட்டுமில்லை. 1905ல் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ இருக்கிறது. ரயில் பெட்டிகளில் வேலை செய்த கறுப்புத் தொழிலாளர்களும் ஊர் ஊராகப் போன மேடைக் கலைஞர்களும் தெற்கு மாநிலங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த பத்திரிகை அது. கலைஞர்கள் அதில் செய்தியாக வந்ததோடு நிற்கவில்லை, அதைச் சுமந்தும் போனார்கள். ‘நியூயார்க் ஏஜ்’ இதழில் லெஸ்டர் வால்டன் நடத்திய நாடகப் பக்கம் இருக்கிறது. ‘பிட்ஸ்பர்க் கூரியர்’, பால்டிமோரின் ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்’ இருக்கின்றன. வெள்ளையர் நடத்திய ‘பில்போர்டு’ இதழிலேயே 1920 முதல் 1925 வரை ஜே.ஏ. ஜாக்சன் என்ற கறுப்புப் பத்திரிகையாளர் தன் மக்களுக்கென்று பக்கம் நடத்தியிருக்கிறார். தேடுகிற மாணவன் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒடுக்கப்பட்டவர் பத்திரிகை என்பதாலேயே எல்லாம் சமத்துவமாக இருந்துவிடாது. படித்து மேலே வந்த கறுப்பர்களுக்கு அடித்தட்டு மேடை ஒரு கூச்சம். ஃப்ரீமனின் புகழ்பெற்ற விமர்சகர் சில்வெஸ்டர் ரஸ்ஸல் போன்றவர்கள் மேடையில் ஆபாசம் பெருகிவிட்டதாகச் சாடினார்கள். நம் மானத்தை வாங்குறாங்களே என்கிற பதற்றம். அந்தத் திட்டையும் ஆவணமாகத்தான் வாசிக்க வேண்டும். எதைப் பார்த்து முகம் சுளித்தார்களோ அதற்குத்தான் சனம் வாய்விட்டுச் சிரித்திருக்கிறது.

வரலாறு பற்றிய உணர்வே அந்தக் கலைஞர்களுக்குக் கிடையாது, பிழைப்புக்கு ஆடினார்கள் என்று ஒரு வாதம் வைப்பார்கள். அதற்குப் பதில் 1908லேயே இருக்கிறது. வெள்ளைக் கலைஞர்கள் 1900ல் தொடங்கிய ‘வைட் ராட்ஸ்’ சங்கம் கறுப்பரைச் சேர்க்கவில்லை. நியூயார்க்கில் கறுப்புக் கலைஞர்கள் 1908ல் ‘தி ஃப்ராக்ஸ்’, அதாவது ‘தவளைகள்’ என்ற பெயரில் சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். பெர்ட் வில்லியம்சின் கூட்டாளி ஜார்ஜ் வாக்கர் தலைவர். பாப் கோல், ரோசமண்ட் ஜான்சன், ஜேம்ஸ் ரீஸ் யூரோப், லெஸ்டர் வால்டன் எல்லாம் உறுப்பினர்கள். அந்த அமைப்பின் நோக்கங்களில் ஒன்று என்ன தெரியுமா? கறுப்பர் வரலாறு பற்றிய நூலகம் அமைப்பது. கறுப்பர்கள் பங்கெடுத்த நாடகங்களின் படங்களையும் விளம்பரத் தாள்களையும் சேகரித்துப் பாதுகாப்பது. கரி பூசி ஆடவைக்கப்பட்டவர்கள் கரியைக் கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதிய நோக்கம் இது. தங்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

சரி, முதலாளியின் அலமாரியைத் தொடவே கூடாதா? தொட வேண்டும். திறந்து, தலைகீழாக வாசிக்க வேண்டும்.

கீத் கம்பெனியின் மேலாளர்கள் ஒவ்வொரு வாரமும் முதல் காட்சி முடிந்ததும் தலைமைக்கு அறிக்கை அனுப்புவார்கள். இன்ன ஆட்டம், இத்தனை நிமிடம், கூட்டம் ரசித்ததா இல்லையா, எதை வெட்டச் சொன்னேன். 1902 முதல் 1923 வரையிலான இந்த அறிக்கைப் புத்தகங்கள் அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கறுப்புக் கலைஞர்களைப் பற்றி அதில் வரும் சொற்கள் காறித்துப்பத் தக்கவை. இருந்தும் படிக்க வேண்டும். திட்டிக்கொண்டே அவன் எழுதிவைத்த பெயரும் நிமிடக் கணக்கும் கைத்தட்டலும் நமக்குப் பயன்படும். எதை வெட்டச் சொன்னான் என்பது அதைவிடப் பயன்படும். வெட்டச் சொன்ன இடத்தில்தான் கலைஞன் தன் சொந்தக் குரலில் ஏதோ பேசியிருப்பான்.

கறுப்புப் பார்வையாளர்களுக்கான அரங்கங்களை இணைத்து 1920ல் ஒரு முதலாளிகள் சங்கம் உருவானது. சுருக்கமாக டோபா என்பார்கள். உரிமையாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். கூலி குறைவு, பயணச் செலவு கலைஞர் தலையில், உடை மாற்ற ஒழுங்கான இடம் கிடையாது. அந்த ஆங்கில எழுத்துகளுக்கு ‘கறுப்பு நடிகருக்குக் கடுங்கொடுமை’ என்கிற மாதிரி கலைஞர்களே வேறு விரிவாக்கம் வைத்துச் சிரித்தார்கள். இந்தச் சுரண்டலின் உள்கணக்கை எங்கே பார்ப்பது? ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் சார்லஸ் டக்லஸ் என்ற கறுப்பர் சொந்தமாக அரங்கம் நடத்தினார். அவருடைய வியாபாரக் கடிதங்களும் கணக்குகளும் அந்த ஊர் நூலகத்தின் ஆவணப் பிரிவிலேயே இருக்கின்றன. எந்தக் குழு எப்போது வந்தது, என்ன பேரம் நடந்தது என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். தலைநகரத்துப் பெரிய நூலகத்தில் இல்லாதது சின்ன ஊரின் நூலகத்தில் இருக்கும். ஊர்ப்பேர் தெரிந்தால் அந்த ஊருக்கே கடிதம் போடு.

அடுத்தது அரசாங்கத்தின் காகிதங்கள். முதல் உலகப்போருக்கு 1917ல் அமெரிக்க அரசு ஆண்களைப் பதிவு செய்தபோது கொடுத்த அட்டையின் கீழ் மூலையில் ஒரு குறிப்பு அச்சாகியிருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்றால் இந்த மூலையைக் கிழித்துவிடவும். அட்டையை எடுத்துப் பார்த்ததும் நிறம் தெரிய வேண்டுமாம்! அந்தக் கிழிந்த மூலை அட்டைகளில்தான் பிறந்த தேதி, தொழில், யாரிடம் வேலை, எந்த ஊர் முகவரி எல்லாம் இருக்கின்றன. ஊர் ஊராகச் சுற்றியவன் அன்றைக்கு எந்தக் கம்பெனியில் ஆடினான் என்பதைப் பல நேரங்களில் அதுதான் சொல்லும். தெற்கு நகரங்களின் முகவரிப் புத்தகங்களிலும் கறுப்பர் பெயருக்குப் பக்கத்தில் தனிக்குறி போட்டிருப்பார்கள். பிரித்து ஒதுக்கப் போட்ட குறிதான். ஆயிரம் பெயருக்கு நடுவில் நம் ஆளைக் கண்டுபிடிக்க அதே குறி இன்றைக்கு உதவுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் தாள்கள் 72 ஆண்டு கழித்துத் திறக்கப்படும். 1950 வரைக்குமான தாள்கள் 2022 முதல் திறந்திருக்கின்றன. 1890ம் ஆண்டுத் தாள்கள் மட்டும் 1921 தீவிபத்தோடு அநேகமாக அழிந்துபோயின.

ஆனால் அரசாங்கக் காகிதத்தை வேதவாக்காக எடுத்தால் என்ன ஆகும்? மா ரெய்னியைக் கேளுங்கள். கூடார மேடையிலும் வாட்வில் மேடையிலும் இருபது முப்பது ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த பாடகி. 1923 முதல் 1928 வரை சுமார் நூறு பாட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்தவர். கடைசிக் காலத்தில் சொந்த மாநிலத்தில் அரங்கங்கள் நடத்தியவர். 1939ல் இறந்தார். இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதினார்கள்? வீட்டு வேலை. கறுப்புப் பெண்ணுக்கு வேறென்ன தொழில் இருக்க முடியும் என்று ஒரு எழுத்தர் நினைத்திருப்பான், எழுதிவிட்டான். அந்தச் சான்றிதழ் மட்டும் கையில் கிடைத்தால் ‘கலைஞர் அல்ல’ என்று நீங்கள் நிரூபித்தே விடுவீர்கள். சான்றோடு!

பெயரும் ஒரு கண்ணி. சிசிரெட்டா ஜோன்ஸ் என்ற பெரும் பாடகியை வெள்ளைப் பத்திரிகைகள் இத்தாலியப் பாடகி பட்டியோடு ஒப்பிட்டு ‘பிளாக் பட்டி’ என்றன. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் 1896 முதல் இருபது ஆண்டுகளுக்குக் கிட்டே அவர் தலைமை ஏற்ற குழுவே அந்தப் பெயரில்தான் ஓடியது. நூலக அட்டவணையில் எந்தப் பெயரில் தேடுவாய்? பிறந்த பெயர், கணவன் பெயர், பட்டப்பெயர், குழுவின் பெயர், அச்சுப்பிழை விழுந்த பெயர், எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு தேட வேண்டும். அவர் பற்றிய செய்திகளை வெட்டி ஒட்டிய புத்தகம் வாஷிங்டனில் கறுப்பர்களின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1933ல் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் நட 2018 ஆனது. 85 ஆண்டுகள்!

சில நேரம் ஆவணம் முதலாளியின் அலமாரியிலேயே இருக்கும். என்னவென்றுதான் அவனுக்குத் தெரியாது. 1913ல் நியூயார்க்கில் பெர்ட் வில்லியம்ஸ் கறுப்பு நடிகர் குழுவோடு ஒரு படத்தில் நடித்தார். படம் முடிக்கப்படாமலேயே நின்றது. அந்தச் சுருள்கள் 1939 வாக்கில் பயோகிராஃப் கம்பெனியின் மற்றச் சுருள்களோடு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தன. தலைப்பு இல்லை, பெயர்கள் இல்லை. உதட்டசைவைப் படிப்பவர்களை வைத்தெல்லாம் ஆராய்ந்து, ‘லைம் கில்ன் கிளப் ஃபீல்ட் டே’ என்று அடையாளம் கண்டு, 2014ல்தான் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அம்பேத்கர் கொலம்பியாவில் படிக்க நியூயார்க் வந்து இறங்கியதும் அதே 1913ல்தான். இதேபோல 1898ல் சிகாகோவில் எடுத்த அரை நிமிடப் படம் ஒன்று. செயின்ட் சட்டில், ஜெர்டி பிரவுன் என்ற இரண்டு மேடைக் கலைஞர்கள் சிரித்துக்கொண்டே முத்தமிட்டுக்கொள்கிறார்கள். கேலியில்லை, கரிப்பூச்சில்லை. அவர்கள் யாரென்று அடையாளம் தெரிந்தது 2017ல். நூறாண்டுக்கு மேலாக அந்த முத்தத்துக்கும் ‘ஆவணம் இல்லை’.

அப்படியானால் இதையெல்லாம் காப்பாற்றியது யார்? ஆர்துரோ ஷோம்பர்க், புவேர்த்தோ ரிக்கோவில் 1874ல் பிறந்தவர். நியூயார்க்கில் ஒரு வங்கியில் தபால் பிரிவில் வேலை. உங்கள் இனத்துக்கு வரலாறு இல்லை என்று பள்ளியில் சொன்னதை மறக்காமல் வாழ்நாள் முழுவதும் புத்தகமும் படமும் கையெழுத்துப் பிரதியுமாகச் சேர்த்தார் என்பார்கள். 1926ல் பத்தாயிரம் டாலருக்கு அந்தச் சேகரிப்பு வாங்கப்பட்டு ஹார்லெம் நூலகத்துக்கு வந்தது. இன்றைய ஷோம்பர்க் மையம் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஹெலன் ஆர்ம்ஸ்டெட் ஜான்சன் என்ற கறுப்புப் பேராசிரியை திரட்டிய மேடைக் கலைஞர்களின் தாள்களும் படங்களும் அங்கேதான் இருக்கின்றன. கமீல் பில்லாப்ஸ் என்ற கறுப்புப் பெண் ஓவியரும் அவர் கணவர் ஜேம்ஸ் ஹாட்சும் 1970களிலிருந்து தங்கள் வீட்டிலேயே கலைஞர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுத்து நாடாவில் பதிந்தார்கள். அந்தச் சேகரிப்பின் பெரும்பகுதி இப்போது எமரி பல்கலைக்கழகத்தில். குமாஸ்தா, ஆசிரியை, ஓவியர். காப்பாற்றியவர்கள் இவர்கள்தான்.

இப்போது எல்லாம் கணினியில் வந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய செய்தித்தாள்களை இலவசமாகத் திறந்திருக்கிறது, உண்மை. ஆனால் டிஃபெண்டர், கூரியர் போன்ற முக்கியமான கறுப்பர் இதழ்களின் பழைய பக்கங்களைத் தேடிப் பார்க்கக் கம்பெனிகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. பெரிய பல்கலைக்கழக மாணவனுக்குக் கதவு திறக்கும், மற்றவனுக்குத் திறக்காது. மங்கிய அச்சை இயந்திரம் தப்புத்தப்பாகப் படிக்கிறது. பெயரைத் தட்டியதும் வரவில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுந்து போகிறவனும் அந்தப் பழைய பேராசிரியரும் ஒன்றுதான். பக்கத்தைத் திறந்து கண்ணால் படிக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு செய்தி. 1946ல் அம்பேத்கர் கறுப்பர் தலைவர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் அய்.நா. சபைக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தின் பிரதி வேண்டும் என்று கேட்டு எழுதியது. அந்தக் கடிதம் இன்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், டுபாய்சின் தாள்களோடு இருக்கிறது. அவர் தனக்கு வந்த கடிதங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதனால்தான் அது நமக்கு இருக்கிறது.

ஆகவே, ஆராய்ச்சி செய்யப்போகும் மாணவர்களே, ‘ஆவணம் இல்லை’ என்று யாராவது சொன்னால் வாயடைத்துத் திரும்ப வேண்டாம். ஒடுக்கப்பட்டவர்கள் தாங்களே நடத்திய பத்திரிகையைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அரங்க முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தீர்களா? எத்தனை பெயரில் தேடினீர்கள்? எந்த ஊர் நூலகத்துக்கு எழுதினீர்கள்? பெயர் ஒட்டாத பெட்டியைத் திறந்தீர்களா? அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் தகரப் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்டீர்களா? இத்தனைக்கும் பதில் சொன்ன பிறகு இல்லை என்று சொல்லட்டும், ஒப்புக்கொள்வோம்.

அதுவரைக்கும் அவர்கள் சொல்வதற்கு ஒரே அர்த்தம்தான். நாங்கள் தேடவில்லை.